என்னைக் கேட்காதீர்கள், அவளைக் கேளுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாலும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன வாரம் தலைவர் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இந்த மறதி நோயைப் பற்றிப் பேச முடியுமா என்றார். சரி என்றேன். உடனே, "நீங்க இங்க வந்துட்டா அண்ணியை யாரு பார்த்துக்குவா?" என்று கேட்டார். அண்ணி என்றது என் மனைவியை, அந்த நோய் அவளுக்குத்தான். அண்ணியும்தான் வருவாங்க, முன்வரிசையில் காற்றாடிக்குக் கீழே ஒரு நாற்காலி போடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அக்கறையில் கேட்டதுதான். ஆனால் நான்கு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிற்போம், தெரிந்தவர் ஒருவர் வருவார், அவளை ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம் என் பக்கம் திரும்பி, "எப்படி இருக்காங்க?" என்பார். அவள் அங்கேயேதானே நிற்கிறாள், அவளையே கேட்டால் என்ன? இன்றைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான். மற்றதெல்லாம் வழியில் வரும்.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். அவள் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிக்கு எடை போடும் இடத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா, 27 வருட சர்வீஸ். குலையோடு வரும் லோரியை ஒரு தடவை நிறுக்க வேண்டும், இறக்கிவிட்டு வெறும் லோரியை இன்னொரு தடவை நிறுக்க வேண்டும், இரண்டையும் கழித்தால் வருவது குலையின் எடை. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டாலும் அவள் தலைக்குள் ஒரு தரம் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை நீட்டுவாள். எங்கள் கல்யாணம் முடிவானதே அந்தச் சீட்டு ஜன்னலில்தான், அது வேறு கதை. அவளுக்கு 49 முடிந்த வருடம், குலை அதிகமாக வரும் மாதம், என் லோரிக்கே வெறும் லோரி கட்டத்தில் குலையோடு சேர்ந்த எடையை அடித்துவிட்டாள். அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய எண் அது. சொந்தப் புருஷன் லோரி எடைகூடவா தெரியாது என்று நான் சிரித்தேன். மறு வாரமும் அதே தப்பு. அப்போது சிரிக்கவில்லை, நாலு பேர் முன்னால் கத்தினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அப்புறம் ஒரு நாள் மோட்டாரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், எங்கள் தாமான் குடியிருப்பு முச்சந்தியில் இடமா வலமா என்று தெரியாமல் வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். மறதி என்றால் பெயர் மறக்கும், சாவி மறக்கும் என்று நினைக்கிறோம். இளவயதில் வருவது பல பேருக்கு அப்படித் தொடங்குவதே இல்லை. சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் தூரமும் திசையும் குழம்பும், சிலருக்குச் சொல் சிக்காது, சிலருக்குக் குணமே மாறிவிடும். அதனால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. ஒரு கிளினிக்கில் மாதவிடாய் நிற்கிற வயது என்று விட்டமின் கொடுத்தார்கள், இன்னொன்றில் மன அழுத்தம் என்றார்கள், சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள். எலுமிச்சம்பழமும் சுற்றிப் போட்டோம், தாயத்தும் கட்டினோம். பதினான்கு மாதம் போய்விட்டது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு குறைந்தாலோ, பி12 குறைந்தாலோ இதே மாதிரி வரும், அதைச் சரி செய்யலாம். ஆகவே மறதி என்றதும் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், முதலில் இரத்தம் கொடுங்கள். அவளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, ஸ்கேனில் மூளை சுருங்கியிருந்தது. இளம் டாக்டர் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார், எந்த வருடம், என்ன கிழமை, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள். "பத்தாங் பெர்ஜுந்தை" என்றாள். அவருக்கு அப்படி ஒரு ஊரே தெரியவில்லை, பேனாவோடு தயங்கினார். டாக்டர், இது மட்டும் சரியான பதில், பெஸ்தாரி ஜெயா என்று போர்டு மாற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது, ஊரில் பாதிப் பேர் இன்னும் பழைய பேரைத்தான் சொல்கிறோம் என்றேன். அவள் சிரித்தாள். அந்த அறையில் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அல்சைமர், 51 வயதில். 65 வயதுக்கு முன் வந்தால் இளவயது மறதி நோய் என்கிறார்கள். இதில் ஒரு விஷயத்தை மகள் தேடிப் படித்துக் காட்டினாள். இந்த நோய்க்கே பெயர் வரக் காரணமாக இருந்த முதல் பெண், ஆகுஸ்டே டேட்டர், 1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்ந்தபோது அவருக்கும் 51 வயதுதான். அல்சைமர் என்ற டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கணவர் பெயர் என்ன என்று கேட்டாராம். அந்த அம்மா தன் பெயரையே சொல்லியிருக்கிறார். 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்துத்தான் அந்த டாக்டர் உலகத்துக்கு அறிவித்தார். அதற்கப்புறம் பல காலம் அல்சைமர் என்றாலே நடுவயதுக்காரர்களின் நோய் என்றுதான் வைத்திருந்தார்கள், தாத்தா பாட்டி மறந்தால் அது வயசுக் கோளாறு. இப்போது எல்லாம் தலைகீழ், 51-ல் வந்தால் நம்ப மறுக்கிறோம்.

அந்த அம்மாவின் நோய் முதலில் புருஷன் மேல் சந்தேகமாகத்தான் வெளிப்பட்டது என்று மகள் படித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏனென்றால் அதே வருடம் தாலிக்கொடியை நான் அடகுக் கடையில் வைத்து யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று இவள் தெருவே கேட்கச் சண்டை போட்டாள். யாருக்கு என்று பேர்கூடச் சொன்னாள். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. தாலிக்கொடி பழைய மைலோ டின்னில் இருந்தது, திருடன் வந்துவிடுவான் என்று அவளே பத்திரப்படுத்தியிருக்கிறாள். கண்டெடுத்த அன்று நான்தான் ஜெயித்தேன், ஆனால் அதை அவளிடம் காட்டி நிரூபித்திருக்கக் கூடாது. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு எதையும் நிரூபிப்பதை விட்டுவிட்டேன்.

சில நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவாள். அவள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர், அதைத்தான் மரம் வெட்டுவது என்போம், சின்ன வயதில் கூடவே போயிருக்கிறாள், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவதற்கு, நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடுவாள். முதலில், அம்மா இறந்து இருபது வருடம், அந்தத் தோட்டத்தில் ரப்பரே இல்லை, செம்பனை வைத்தாகிவிட்டது என்று விளக்குவேன். அம்மா செத்ததை அவள் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்டு அழுவாள். இப்போது கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "மழைம்மா, இன்னைக்கு வெட்டு இல்ல" என்கிறேன். மழையில் மரம் வெட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். நிம்மதியாகப் படுத்துவிடுவாள். அது பொய்தானே அப்பா என்று மகன் கேட்டான். ஆமாம், பொய்தான்.

மாத்திரையைப் பற்றிக் கேட்பீர்கள். டோனெப்சில் கொடுக்கிறார்கள், சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு கொடுக்கும், நோயை நிறுத்தாது. இரவில் போட்டபோது அவளுக்குக் கெட்ட கனவு வந்தது, டாக்டரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றினோம்.

இனிப் பணம். இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். நோய் தெரிந்ததும் அவமானத்தில் ராஜினாமா கடிதம் எழுதி வைத்துவிட்டாள். தொழிற்சங்கத் தம்பி ஒருவர்தான், கொடுக்காதீங்க அண்ணி, முதல்ல சொக்சோவைப் பாருங்க என்று தடுத்தார். சொக்சோ என்றால் மலேசியாவில் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அமைப்பு. அதில் பென்சென் இலாட், அதாவது உடல் முடியாமல் போனவர்களுக்கான ஓய்வூதியம், என்று ஒன்று இருக்கிறது. 60 வயதுக்கு முன்னால் விண்ணப்பிக்க வேண்டும், முன்பு சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இனி முடியாது என்று மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும், முழுத் தகுதிக்கு ஒரு வழி, அதற்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருப்பது. பேசாமல் வேலையை விட்டு இரண்டு மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டால் அந்த 24 மாதக் கணக்கு கைநழுவும். இளவயதில் வருகிறவர்களுக்கு வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், எங்களுக்கும் அப்படித்தான்.

பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். சாதாரணமாக எழுதுவது, கொடுத்தவருக்கு மனத்திறன் போனதும் செல்லாது என்றார் வக்கீல். அதற்கப்புறம் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே அவள் தெளிவாக இருந்தபோதே உட்கார்ந்தோம், உயில், வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அவள் சொன்னபடி. கடன் எழுதும் 555 நோட்டில் அவளே எழுதினாள். ஐந்தாவது வரி இப்படி: "ஹோம்ல விடுறதா இருந்தா தமிழ் பேசற ஆள் இருக்கற இடமா பாருங்க. எனக்கு மலாய் மறந்துபோனா யாரு கிட்ட தண்ணி கேப்பேன்." எனக்கு இது தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. அதனால்தான் அவளைக் கேளுங்கள் என்கிறேன்.

பிள்ளைகளுக்கும் வருமா என்று மகள் கேட்டாள். இளவயதில் வருவதிலும் பெரும்பாலானது பரம்பரை இல்லை. மிகச் சில குடும்பங்களில் ஒற்றை மரபணுவால் வருகிறது, அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் சொந்தத்தில் முன்னால் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை, அதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறோம்.

பின்னால் மீகூன் வைத்திருக்கிறோம், சம்பல் எங்கள் வீட்டுச் சம்பல். முதலில் எதை அரைப்பது, எப்போது புளி ஊற்றுவது என்ற வரிசை அவளுக்கு இப்போது வராது. ஆனால் வெங்காயத்தைக் கையில் கொடுத்தால் அந்தக் கை மறக்கவில்லை, நான் ஒரு சாமானாக எடுத்து நீட்டிக்கொண்டே இருப்பேன். முன்பு அவள் ஜன்னலில் சீட்டு நீட்டினாள், இப்போது நான் நீட்டுகிறேன். உப்பு போதுமா என்பதை மட்டும் இன்னும் அவள்தான் சொல்கிறாள்.

கேள்வி இருக்கிறவர்கள் கேட்கலாம். அவளிடமும் கேளுங்கள், பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், நடுவில் புகுந்து நீங்களே முடித்துவைக்காதீர்கள்... என்னம்மா? மீகூன் ஆறிப்போகுதாம். சரி, சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்.