நபர்: இருப்பதா, ஆக்கப்படுவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

1976-இல் தமிழ்நாட்டின் பத்தூரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராசர் செப்புத்திருமேனி, கள்ளத்தனமாகக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டு அங்கே நடந்த வழக்கில், இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலும் ஒரு தரப்பு. கோயில் வழக்காடலாம் என்று 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நடராசர் ஊர் திரும்பினார்.

கோயிலுக்கு வலி கிடையாது, நினைவு கிடையாது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு நபர். 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் நபர்கள் என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இவையெல்லாம் ஆக்கப்பட்ட நபர்கள். ஆக்கப்பட்டவை என்பதால் பொய் ஆகிவிடா. பலரும் தடுமாறும் இடம் இது.

மனிதரும் அப்படித்தானா? ஆம், சமூகம் ஏற்பதால்தான் ஒருவர் நபர் ஆகிறார் என்பது கட்டுமானவாதம். இல்லை, ஏற்பதற்கு முன்பே அவர் நபர் என்பது மெய்ம்மைவாதம்.

'நபர்' என்பது வழக்குமன்றச் சொல் என்று 1694-இல் எழுதினார் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக். செய்ததற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதே அவர் கேள்வி. நினைவு எதுவரை நீள்கிறதோ அதுவரை அதே நபர் என்பது அவர் விடை. 1785-இல் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் தாமஸ் ரீட் இதை ஓர் எடுத்துக்காட்டால் மடக்கினார். பள்ளியில் அடிவாங்கிய சிறுவன், பின்னர் இளம் அதிகாரியாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான். அடிவாங்கியது அப்போது அவனுக்கு நினைவிருக்கிறது. முதுமையில் தளபதியானவருக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக்கின் கணக்குப்படி சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், சிறுவனும் தளபதியும் மட்டும் வேறு. இது கூடாது அல்லவா? நினைவு, நபர் இருப்பதற்குச் சான்று; நபரை உண்டாக்குவது அது இல்லை என்றார் ரீட்.

நான் இதில் ரீட் பக்கம். பட்டம், பதவி, உரிமைச் சீட்டு எல்லாம் நாம் ஆக்குபவை, மாற்றக்கூடியவை. ஆனால் மனிதரை நபராக்குவதே நம் ஒப்புதல்தான் என்றால், ஒப்புதலை மறுத்து ஆட்களை ஏலம் விட்ட அடிமைச் சந்தையில் யாருக்கு அநீதி நடந்தது என்று சொல்ல வழியில்லாமல் போகும்.

மறதிநோய் முற்றியவரை எண்ணிப் பாருங்கள். சித்தம் தெளிவில்லாதவர் செய்யும் ஒப்பந்தத்தை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஏற்பதில்லை. அந்தத் தகுதி சட்டம் தந்தது, சட்டமே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பத்திரம் மட்டும் அவர் பெயரிலேயே இருக்கும். காப்பாளர் கையெழுத்திடுவதும் அவருக்காகத்தான். தகுதி போனாலும் நபர் போகவில்லை.