ஒயரிங் முடிந்த பேனலில் ஒரு துளை

நேயர்களுக்கு வணக்கம். நான் பேனல் போர்டு, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சுகள் அடங்கிய பெட்டி, செய்கிற தொழிலில் இருக்கிறவன். இரும்புப் பெட்டியில் துளை போடுவதைப் பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். "இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?" என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் இருக்கிறது.

கோவையைச் சுற்றி மோட்டார், பம்பு, நூற்பாலை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றும் நிற்கும். அதைப் புதிதாகச் செய்யும்போது துளைக்குப் பிரச்சினையே இல்லை. ஷீட்டாக இருக்கும்போதே டரட் பஞ்ச் என்கிற மெஷினிலோ லேசரிலோ வெட்டி, மடித்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, அப்புறம்தான் ஒயரிங்குக்கு வரும். தலைவலி அதற்குப் பிறகு. பேனல் மில்லுக்குப் போய், கேபிள் இழுத்து, ஓட ஆரம்பித்த பின் ஃபோன் வரும். "அண்ணே, கீழ இன்னொரு கேபிள் ஏத்தணும்." "கதவுல ஒரு எமர்ஜென்சி பட்டன் வைக்கணும்." உள்ளே மின்காந்தத்தால் ஒட்டி விலகும் சுவிட்சான காண்டாக்டரும், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவும், மின்சாரம் ஓடும் உலோகப் பட்டையான பஸ்பாரும் நிறைந்திருக்கிற பெட்டியில் இனிமேல் துளை போட வேண்டும்.

வழக்கமாக என்ன செய்வார்கள்? டிரில்லில் ஹோல் சா என்கிற வட்ட ரம்பத்தை மாட்டி ஒரு பிடி பிடிப்பார்கள். துளை விழுந்துவிடும். கூடவே இரும்புச் சுருளும் பொடியும் விழும். அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. காண்டாக்டருக்குள் இருக்கும் மின்காந்தம் இரும்புப் பொடியைத் தேடிப் பிடித்து இழுத்துக்கொள்ளும். இரண்டு முகங்களுக்கு நடுவில் ஒரு துணுக்கு உட்கார்ந்தால் போதும், முழுசாக ஒட்டாமல் 'ஙொய்ய்' என்று இரைய ஆரம்பிக்கும்; கொஞ்ச நாளில் காயில் கருகும். டிரைவில் இருக்கும் குளிர்விக்கும் விசிறியோ காற்றோடு பொடியையும் சேர்த்து உறிஞ்சி, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு மேல் கொண்டுபோய்ப் போடும். அன்றைக்கே வெடித்தால் காரணம் தெரியும். இது அப்படி வெடிக்காது. அதிர்வில் நகர்ந்து நகர்ந்து, எல்லோரும் துளையை மறந்த பிறகு ஒரு நாள் ஷார்ட் ஆகும். டிரைவ் கம்பெனி மேல் பழி போடுவார்கள்.

இந்த இடத்துக்குத்தான் நாக்அவுட் பஞ்ச் என்கிற கருவி. அரைத்து எடுக்காமல் அழுத்தி வெட்டுகிற சாமான். மூன்றே உருப்படி: கிண்ணம் போன்ற டை, வெட்டுவாய் உள்ள பஞ்ச், இரண்டையும் கோக்கும் திருகு மரை போட்ட ஸ்டட். ஷீட்டில் முதலில் சின்னதாக ஒரு பைலட் ஓட்டை. அதன் வழியாக ஸ்டட்டை நுழைத்து, ஒரு பக்கம் டை, மறு பக்கம் பஞ்ச். ஸ்டட்டை இழுத்தால் பஞ்ச் ஷீட்டைக் கிழித்துக்கொண்டு டைக்குள் இறங்கும். வெட்டுண்ட வில்லை டைக்குள்ளேயே நின்றுவிடும். பஞ்சின் வாயைக் கையில் எடுத்துப் பாருங்கள், தட்டையாக இருக்காது. இரண்டு மூன்று இடத்தில் முனை எழும்பி, நடுவில் தாழ்ந்திருக்கும். கத்தரிக்கோல் துணியை ஒரு ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு போகிற மாதிரி, முனையில் ஆரம்பித்துச் சுற்றி வரும். அதனால் ஒரே நேரத்தில் முழு வட்டத்தையும் வெட்டுகிற பலம் தேவைப்படாது.

இருந்தாலும் பலம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கதவில் புஷ் பட்டனுக்கு 22.5 மில்லிமீட்டர் துளை. சுற்றளவு சுமார் 70 மில்லிமீட்டர், ஷீட் 2 மில்லிமீட்டர் கனம். ஆக வெட்டுப்படும் பரப்பு 140 சதுர மில்லிமீட்டர். சாதாரண மைல்டு ஸ்டீலை வெட்ட ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ அழுத்தம் வேண்டும். பெருக்கினால் நாலு டன்னைத் தாண்டுகிறது. இதே ஷீட்டில், கேபிள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் கிளாண்டுக்கு 63 மில்லிமீட்டர் துளை என்றால் பன்னிரண்டு டன். பஞ்சின் சாய்ந்த வாய் இதில் கணிசமாகக் குறைத்துக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டி என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

சின்ன துளைக்கு ஸ்பேனர் போட்டுத் திருகினாலே போதும். தினமும் ஒன்றிரண்டு போடுகிற எலக்ட்ரீஷியனுக்கு அதற்கு மேல் செலவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பெரிய துளை வந்தால்தான் தோள்பட்டை சொல்லும். ஒருவர் பேனலைப் பிடிக்க, இன்னொருவர் நீளக் கைப்பிடியில் தொங்க வேண்டியிருக்கும். அங்கே ஹைட்ராலிக் வேண்டும். கைப்பம்பு, கால் பம்பு, இப்போது பேட்டரி. இவற்றில் பலவும் 700 பார் அழுத்தத்தில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 700 கிலோ என்ற கணக்கில், வேலை செய்பவை. 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சின்னப் பிஸ்டனே அந்த அழுத்தத்தில் ஏழு டன் இழுக்கும். பேட்டரி மெஷினில் விசையை அழுத்தினால் மோட்டார் பம்பை ஓட்டும், ஸ்டட் இழுபடும், 'டப்'பென்று ஒரு சத்தம், முடிந்தது. தரையில் பம்பு வைத்து ஹோஸ் இழுக்கிற வேலையும் இல்லை. ஏணி மேல் நின்று ஒரு கையில் பிடித்துப் போட முடிவது இதன் பெரிய வசதி.

வசதி வந்தவுடன் கவனம் போய்விடுகிறது. ஸ்பேனரில் திருகும்போது ஏதாவது தப்பாக இருந்தால் கைக்குத் தெரியும். இறுகுகிறதே என்று நிறுத்துவோம். பேட்டரி மெஷினுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. பஞ்சை மரையில் பாதி மட்டும் ஏற்றிவிட்டு விசையை அழுத்தினால் அத்தனை டன்னும் அந்த நாலைந்து மரையில்தான் இறங்கும். மரை உருவிக்கொண்டு பஞ்ச் தெறிக்கும். ஸ்டட்டின் நுனி பஞ்சுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற அளவுக்கு முழுசாக ஏற்றி, கையால் இறுக்கிய பிறகே விசை. அந்த நேரத்தில் ஸ்டட்டுக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். துளை விழுந்த சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும். பஞ்ச் டையின் அடியில் போய் முட்டும்வரை இழுத்தால் ஒடிவது ஸ்டட். தானாகவே நின்று திரும்புகிற மெஷின்களும் இருக்கின்றன. அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். ஸ்டட்டிலும் பெரும்பாலும் இரண்டு ரகம்: 9.5 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர். பெரிய துளையைச் சின்ன ஸ்டட்டில் போடத் துணியாதீர்கள். தடித்த ஸ்டட் நுழைய இருபது மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டை வேண்டும். அதற்கு எங்கள் ஆட்கள் முதலில் சின்ன பஞ்சில் 22.5 போட்டுக்கொண்டு, அதே துளையில் பெரியதைக் கோத்துவிடுவார்கள்.

சுருளே விழாது என்று கடைக்காரர் சொல்வார். பைலட் ஓட்டையை டிரில்தானே போடுகிறது? அந்தச் சுருள் விழத்தான் செய்யும், அளவுதான் குறைவு. அதனால் உள்ளே துணியோ அட்டையோ கட்டி, டிரில் நுனியில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். பொடி அதில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு சூட்சுமம், மெஷினும் டையும் வெளிப்பக்கம், பஞ்ச் உள்பக்கம் என்று வைப்பது. வில்லை டையோடு வெளியே வந்துவிடும். பிசிறும் வெளிப்பக்கம்தான் வரும், அரத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பெயின்டில் டையின் வட்டம் பதியாமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

பஞ்ச் உள்பக்கம் என்றதும் அடுத்த கேள்வி வர வேண்டும்: உள்ளே அதற்கு எதிரில் என்ன இருக்கிறது? ஸ்டட் முழுக்க இரும்பு. பஸ்பாருக்குப் பக்கத்தில் அது நீட்டிக்கொண்டு போகும். "ஒரு நிமிஷ வேலைதானே, லைன் இருக்கட்டும்" என்று சொல்கிற சூப்பர்வைசர் எல்லா மில்லிலும் உண்டு. வேண்டாம் தம்பி. மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்து, கதவைத் திறந்து மின்சாரம் இல்லை என்று மூன்று ஃபேஸிலும் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். அதற்கு ஷட் டவுன் தர மாட்டார்கள் என்றால் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

பஞ்ச் செட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் அரை இஞ்ச் என்று போட்டிருந்தால் 12 மில்லிமீட்டர் துளை விழும் என்று நினைக்காதீர்கள். அது அமெரிக்காவில் ஒயர் போகும் கண்டூட் குழாய்க்கு வைத்திருக்கும் பெயர். விழும் துளை 22.5 மில்லிமீட்டர். நம்ம ஊர் புஷ் பட்டனுக்கும் இண்டிகேட்டர் லேம்புக்கும் அது சரியாகப் பொருந்துவது நம் அதிர்ஷ்டம். கேபிள் கிளாண்டுக்கு எம் 20, எம் 25, எம் 32 என்று மெட்ரிக் அளவு போட்ட செட் தனியாக வேண்டும். கதவில் வைக்கும் வோல்ட் மீட்டர் மாதிரியான மீட்டர்களுக்குச் சதுர பஞ்சும் கிடைக்கிறது. 96-க்கு 96 மில்லிமீட்டர் முகமுள்ள மீட்டருக்கு வெட்ட வேண்டிய கட்அவுட் 92-க்கு 92. விலை அதிகம், மாதத்துக்கு ஒன்று போடுகிறவருக்கு ஜிக்சா பிளேடும் பொறுமையும் போதும்.

துளை விழுந்ததும் வேலை முடியவில்லை. வெட்டிய விளிம்பில் பெயின்ட் கிடையாது, பச்சை இரும்பு. டச் அப் அடிக்காமல் விட்டால் நம் சாய ஆலைகளின் ஈரக் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் துரு எட்டிப் பார்க்கும். கிளாண்டில் வாஷர் இல்லாமல் மாட்டினால், தூசியும் தண்ணீரும் புகாத பெட்டி என்று காசு கொடுத்து வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

கடைசியாக, கனமான சிங்கிள் கோர் கேபிள், அதாவது உள்ளே ஒரே ஒரு கடத்தி உள்ள கேபிள், ஏற்றுகிறவர்களுக்கு. மூன்று ஃபேஸையும் கிளாண்டு மாட்டும் இரும்பு பிளேட்டில் தனித்தனித் துளையில் விட்டால், ஒவ்வொரு கேபிளைச் சுற்றியும் காந்தப்புலம் அந்த இரும்புக்குள் ஓடும். சுழல் மின்னோட்டம் கிளம்பி பிளேட் சூடாகும். கேபிளின் இன்சுலேஷன் அங்கேதான் முதலில் வேகும். துளை எவ்வளவு அழகாக இருந்தாலும் இது தீராது. அந்த பிளேட்டைக் கழற்றிவிட்டு அலுமினியத்தில் போடுங்கள். அலுமினியம் கிடைக்காத அவசரத்தில், துளைக்கும் துளைக்கும் நடுவில் ரம்பத்தால் ஒரு கோடு அறுத்து இரும்பின் தொடர்ச்சியைத் துண்டிக்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் அந்த வெட்டை அப்புறம் அடைத்தாக வேண்டும். அலுமினியம் என்றால் பஞ்சுக்கும் வேலை சுளுவு.

நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.