எல்லாப் பிள்ளைகளும் பேசும் நாடகம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். தமிழ்ப்பள்ளிகளில் சிறு பிள்ளைகள் சேர்ந்து மேடையேற்றும் நாடகங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டப் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பள்ளி நாடகத்தில் பிள்ளைகள் தங்கள் சொந்தக் குரலில் பேச வேண்டும், அந்த வாய்ப்பு பேச்சுத்திறன் மிக்க ஐந்தாறு பேரோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அண்மைக் காலமாகக் காணும் ஒரு வழக்கம் என்னை வருத்துகிறது. வசனங்களை முன்னதாகவே பதிவு செய்து, விழா நாளில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பிள்ளைகளை அதற்கேற்ப வாயசைக்கச் செய்கிறார்கள். ஒலிவாங்கிகள் போதாமையும், பிள்ளை வசனத்தை மறந்துவிடுமோ என்ற அச்சமும் ஆசிரியர்களை இவ்வழிக்குத் தள்ளுகின்றன என்பதை அறிவேன். ஆயினும், எதிரில் நிற்கும் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதும், அது திணறினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பதும், தகரக் கூரையில் மழை கொட்டும்போது கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்துவதும் ஆகிய பயிற்சிகள் யாவும் அந்த ஒலிப்பதிவால் இல்லாமற் போகின்றன. விடியுமுன் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போன நம் முன்னோர் இரவில் காமன் கூத்துக்கு ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் கட்டியபோது, எழுதப் படிக்கத் தெரியாத பலரும் பாட்டையும் வசனத்தையும் காதால் கேட்டே மனத்தில் நிறுத்தினார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்த பின், தோட்டப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை சுருங்கிவிட்டது. 150 பேருக்குக் குறைவாகப் பயிலும் பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. கவலைக்குரிய நிலைதான், ஆனால் நாடகத்திற்கு அது தடையன்று. 7 வயது முதலாம் ஆண்டுப் பிள்ளையும் 12 வயது ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் ஒரே காட்சியில் நிற்பது பெரிய பள்ளிகளில் எளிதில் வாய்ப்பதில்லை.

அதற்கேற்ற கதையைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. மலாய் நாட்டார் கதையில் வரும் சாங் காஞ்சில் என்ற சருகுமான், அரசன் விருந்தளிக்கப் போவதாகச் சொல்லி முதலைகளை ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கிடக்கச் செய்து, தலைகளை எண்ணுவதுபோல முதுகு முதுகாகத் தாவி அக்கரை சேருகிறது. முதலைகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்த வேண்டியதில்லை. வகுப்பில் வாயே திறக்காத மாணவனை மூன்றாம் முதலையாக்குங்கள். சருகுமான் தன்னைத் தாண்டும்போது "மூன்று" என்று உரக்கச் சொன்னால் போதும். சில ஒத்திகைகள் கழிந்தபின், "என் பங்கு எங்கே?" என்று அவனைக் கேட்கச் செய்யலாம். தனியாக நின்று பேச அஞ்சும் பிள்ளை, இரு புறமும் தோழர்கள் படுத்திருக்கும்போது பேசிவிடுகிறது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வசனத்தை மூத்த மாணவர்களே எழுதட்டும். செய்யுள், மொழியணிப் பாடத்தில் படித்த இணைமொழிகளும் மரபுத்தொடர்களும் சருகுமானின் தந்திரப் பேச்சில் இயல்பாகவே இடம்பிடிக்கும். ஆசிரியர் கதையின் போக்கைத் திருத்தலாம். பிள்ளையின் நாவில் தங்காத நீண்ட வாக்கியங்களைத் திணிக்கலாகாது.

ஒத்திகைக்கு நேரமில்லை என்பார்கள். ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். என்னும் அரசுத் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபின் வகுப்பறை மதிப்பீடே முதன்மை பெற்றிருப்பதால், கேட்டல், பேச்சுத் திறன்களைத் தமிழ்ப் பாடவேளையிலேயே ஒத்திகையின்வழி மதிப்பிடலாம். பள்ளி முடிந்த கையோடு வேன் ஏறிச் செல்லும் பிள்ளைகளுக்கு வேறு வேளையும் கிடையாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வாடகை உடைகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒலிவாங்கிகள் வாங்கிக் கொடுங்கள். முதலைக்குப் பச்சை வண்ணம் பூசிய அட்டைப்பெட்டியே போதும். நாடகத்தை வேலை நாள் காலையில் வைக்காமல் ஞாயிறு மாலையில் வையுங்கள். அப்போதுதான் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்மாரும், இன்னும் தோட்டத்திலேயே தங்கியிருக்கும் தாத்தா பாட்டிமாரும் வந்து பார்க்க முடியும். நன்றி, வணக்கம்.