உங்கள் மகள் அணியும் பள்ளிக் காலணி, ஒரு காலத்தில் பையனுடையது!

(திரையில்: மேசை மீது இரண்டு ஜோடி கறுப்புப் பள்ளிக் காலணிகள்)

வணக்கம். இந்த இரண்டு ஜோடிகளையும் சென்ற மே மாதக் கடைசியில், பள்ளி திறப்பதற்கு முந்தைய அந்தத் திருவிழாக் கூட்டத்தில், தியாகராய நகரில் ஒரே கடையில் வாங்கினேன். இரண்டும் கறுப்பு. இரண்டும் 11ஆம் எண். விலைகூட ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றைப் பையன்களின் அடுக்கிலிருந்தும் மற்றொன்றைப் பெண் குழந்தைகளின் அடுக்கிலிருந்தும் எடுத்தேன். இப்போது இரண்டையும் கவிழ்த்துக் காட்டுகிறேன்.

(திரையில்: அடிப்பாகங்கள், மிக அருகில்)

பையனுடைய காலணியின் அடிப்பாகம் என் சுண்டுவிரல் பருமனுக்கு இருக்கிறது. லாரி டயரில் இருப்பதுபோல் ஆழமான வரிகள் ஓடுகின்றன. கல்லில் இடித்துக்கொண்டாலும் விரல் நசுங்காதபடி நுனியில் ரப்பர் மேலேறி மூடியிருக்கிறது. பெண் குழந்தையின் காலணியையோ நான் ஒரே கையால் தோசையை மடிப்பதுபோல் மடித்துவிடுகிறேன். அடிப்பாகம் வழுவழுவென்று இருக்கிறது. மேற்பக்கம் பாதி திறந்து கிடக்கிறது. குறுக்கே ஒரு பட்டை, பக்கவாட்டில் ஒரு பக்கிள், அதன் மேல் ஒரு ரிப்பன் பூ. ஐப்பசி பிறந்தால் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் சென்னையில், அந்த ரிப்பன் பூவால் என்ன செய்ய முடியும் என்பதை வடிவமைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

தலைப்புக்கு வருகிறேன், இல்லையென்றால் ஏமாற்றிவிட்டேன் என்று எழுதுவீர்கள். இந்தப் பட்டைக் காலணியை மேற்கு நாடுகளில் ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஒருசேர அணிந்தார்கள். 1902இல் ரிச்சர்ட் அவுட்கால்ட் என்ற அமெரிக்க ஓவியர் தொடங்கிய பஸ்டர் பிரவுன் என்னும் பத்திரிகைச் சித்திரத் தொடரின் நாயகன் ஒரு குறும்புக்காரப் பையன். அவன் காலில் இருந்தது இதே பட்டைக் காலணி. 1904இல் ஒரு காலணி நிறுவனம் அந்தப் பாத்திரங்களைத் தன் விளம்பரத்துக்காக வாங்கியது. தொடரில் வந்த சிறுமியின் பெயர் மேரி ஜேன். இன்றும் இந்தக் காலணிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தான். பெயர் சிறுமியுடையதாகிப் போனதால், அணிந்திருந்த பையனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இளஞ்சிவப்பு பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்பதும் பழைய விதி அன்று; 1918இல் அமெரிக்கக் குழந்தை ஆடை வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு உறுதியான நிறம் என்பதால் அது பையன்களுக்கே பொருந்தும் என்று எழுதியது. அவ்வளவுதான், இதைப் பற்றி ஆயிரம் வீடியோக்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

எனக்கு உண்மையில் பிடித்த பகுதி இனிமேல்தான். அன்று கடையில் மூன்று வயதுப் பையன் ஒருவன் மினுமினுக்கும் வெள்ளி நிறச் செருப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு தர மறுத்தான். அவனுடைய பாட்டி, "அது பாப்பா செருப்புடா கண்ணா, வெச்சுடு" என்று கெஞ்சினார். அந்தப் பையனின் காதில் கடுக்கன்; சட்டைக்குக் கீழே எட்டிப்பார்த்தது வெள்ளி அரைஞாண். மொட்டை போடுவதற்கு முன்பு அவனுக்கும் பாவாடை கட்டி, சடை பின்னி, பூ வைத்துப் படம் எடுத்திருப்பார்கள் என்று பந்தயமே கட்டுவேன், ஏனென்றால் அப்படி ஒரு படம் என் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது, அதில் இருப்பது நான். பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும், 1884இல், இரண்டரை வயதில், வெள்ளை கவுனும் நீண்ட கூந்தலுமாக எடுத்த படம் ஒன்று உண்டு. ஆகவே நான் தனியாள் அல்லன்.

பிள்ளைத்தமிழை நினைத்துப் பாருங்கள். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடும் இந்த இலக்கியத்தில், காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் ஆண் பெண் இருவருக்கும் பொது. சதங்கையும் கிண்கிணியும் இருவர் காலிலும் ஒலிக்கும். வேறுபாடு எட்டாம் பருவத்தில்தான் தொடங்குகிறது: ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். நம் கடைகளோ பிறந்த குழந்தையின் காலுறையிலேயே பிரித்துவிடுகின்றன.

அவசரப்பட்டுப் புலவர்களுக்குக் கைதட்டிவிட வேண்டாம். சிற்றில் பருவத்தில் சிறுமியர் மணலில் கட்டிய சிறு வீட்டை அந்தப் பையன் காலால் சிதைக்க வருவான். 'சிதைக்காதே' என்று அவர்கள் வேண்டுவார்கள். கட்டுபவள் பெண், உதைப்பவன் ஆண். அந்த டயர் வரிக் காலணி யாருக்காகச் செய்யப்பட்டது என்று இப்போது விளங்குகிறதா? ஆனால் 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியை வைகையின் புதுவெள்ளத்தில் இறக்கி நீராட விட்டார். நான் வாங்கிய பெண் குழந்தைக் காலணி உஸ்மான் சாலையின் ஒரு குட்டையைக்கூடத் தாங்காது.

இது சென்னையின் தனிச்சிறப்பு என்றும் எண்ண வேண்டாம். 2017இல் பிரிட்டனின் கிளார்க்ஸ் நிறுவனம் பையன்களின் பள்ளிக் காலணிக்கு 'தலைவர்' என்னும் பொருள்படும் 'லீடர்' என்றும், சிறுமியர் காலணிக்கு 'டாலி பேப்' என்றும் பெயர் சூட்டியிருந்தது. ஒன்றின் உட்புறத்தில் கால்பந்து, மற்றொன்றில் இதயம். பெற்றோர் கொதித்தெழுந்த பின் டாலி பேப் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

இத்தனைக்கும் 11 என்ற அந்த எண்ணுக்கு ஆண் பெண் தெரியாது. ஆங்கில அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. குழந்தைகளுக்கு 13 வரை போய், மறுபடி 1இலிருந்து தொடங்கும். இருபாலருக்கும் அதே ஏணி. ஆகவே விற்பனையாளர் "பையனா, பொண்ணா?" என்று கேட்டால், "பதினொன்று" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்பதைக் கீழே எழுதுங்கள், எனக்குக் கிடைத்த பதில், "சரி சார், பையனா பொண்ணா?"

மினுமினுப்புக்கு நான் எதிரி அல்லன். மினுமினுப்பு வேண்டுமென்றால் மெல்லிய அடிப்பாகத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் சண்டை. யு.கே.ஜி. போகும் என் மகளின் முன் இரண்டு ஜோடியையும் வைத்தேன். டயர் வரி போட்டதைத்தான் எடுத்தாள். மற்றதிலிருந்து ரிப்பன் பூவைப் பிய்த்து இதில் ஒட்டித் தரச் சொன்னாள்.

(திரையில்: இடது காலணி, மிக அருகில்)

ஒட்டினேன். கார்த்திகை மழை முடிந்துவிட்டது. இடது காலில் மட்டும் பூ இன்னும் இருக்கிறது.