கோடாலியால் செதுக்கிய சக்கரம்

வணக்கம். பாலைவனத்தில் கார் ஓட்டியவர்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். ஆனால் நான் பாதி நேரம் ஒரு மரச்சக்கரத்தைப் பற்றித்தான் பேசுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1907-ல் ‘லெ மத்தான்’ என்ற பாரிஸ் பத்திரிகை ஒரு சவால் விட்டது: பீக்கிங்கிலிருந்து, அதாவது இன்றைய பெய்ஜிங்கிலிருந்து, பாரிஸுக்குக் காரில் வர யாருக்காவது துணிச்சல் உண்டா? ஜூன் 10-ம் தேதி ஐந்து வண்டிகள் கிளம்பின. ஒன்று மூன்று சக்கர வண்டி. கோபி பாலைவனத்தைத் தாண்டவில்லை. ஓட்டியவர் தண்ணீரில்லாமல் சாகக் கிடந்து பிழைத்தார்.

முன்னால் போனது இத்தாலியப் பிரபு போர்கேஸேயின் ‘இத்தாலா’ கார். ரோடா? ரோடு எங்கே இருந்தது! கார் அகலத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டிக்கொண்டு, குதிரையில் போய் மலைக் கணவாய்களை முன்கூட்டியே அளந்து வந்தார் மனுஷன். அந்த மலைகளில் காரை இழுத்தது கயிறு பிடித்த கூலியாட்கள். பெட்ரோல் சுமந்தது ஒட்டகங்கள். இதைத்தான் கார் பயணம் என்கிறோம்!

கூட வந்த பத்திரிகையாளர் பார்ட்சினி, கோபியில் ஒரு தந்தி ஆபீஸில் செய்தி கொடுத்தார். அதில் ‘எண் 1’ என்று எழுதினார்கள். இன்றைக்கு இதுதான் முதலா என்று கேட்டால், ஆபீஸ் திறந்ததிலிருந்தே இதுதான் முதல் என்று பதில் வந்ததாம்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன். சைபீரியாவில் ஒரு மரப்பாலம் உடைந்து கார் பின்பக்கமாக உள்ளே இறங்கிவிட்டது, தூக்கி எடுத்து ஓட்டினார்கள், அதுகூடப் பெரிதில்லை. யூரல் மலைப் பக்கம் வந்தபோது பின்சக்கரத்தின் ஆரக்கால்கள் ஆட ஆரம்பித்தன. அப்போது கார் சக்கரமும் மரம்தானே. வெயிலில் காய்ந்த மாட்டு வண்டிச் சக்கரம் லொடலொடவென்று ஆடுவதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மரம் உப்பி இறுகட்டும் என்று தண்ணீரில் ஊறப்போட்டார்கள். ம்ஹூம், உடைந்தேவிட்டது. அந்தக் காட்டில் இத்தாலா கம்பெனிக்கா ஓட முடியும்? ஒரு ரஷ்யத் தச்சர் கிடைத்தார். கோடாலியை எடுத்தார், செதுக்கினார், ஆமாம், கோடாலியால்தான், சக்கரத்தைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். வண்டி ஓடியது! ஆகஸ்ட் 10-ல் பாரிஸ். நடுவே விருந்துக்காக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சுற்றிக்கொண்டு வேறு போனார்கள்.

அடடா, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். சஹாராவைச் சொல்லவே இல்லையே. 1922 டிசம்பரில் ஐந்து சித்ரோயன் வண்டிகள், பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை, அல்ஜீரியாவிலிருந்து கிளம்பி ஜனவரி 7-ல் இன்றைய மாலி நாட்டின் திம்பக்டு. கூடவே ஒரு நாயும் போனது, ஃப்ளாசி என்று பேர். வருகிறேன், வணக்கம்.