அணைத்து வைத்ததைத் திரும்ப ஆன் செய்யும் பிரௌசர் எனக்கு வேண்டாம்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கீபோர்டு வீடியோ வந்திருக்க வேண்டும், அது அடுத்த வாரம். நேற்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை, அதை முதலில் பேசிவிடுகிறேன்.

வேலைக்கென்று ஒரு பிரௌசர் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். நேற்று அது தானாக அப்டேட் ஆகித் திறந்தது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், நான் தேடித்தேடி அணைத்து வைத்திருந்த விளம்பர சுவிட்ச் மறுபடி நீலமாக இருக்கிறது! தேடுபொறியையும் மாற்றி வைத்திருக்கிறது. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? ஒரு பிரௌசரை நம்பலாமா என்பதற்கு என் முதல் சோதனை இதுதான்: நான் வேண்டாம் என்று சொன்னது அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் வேண்டாம் என்றே இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது, அன்றே அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன்.

உடனே கமெண்டில் "இன்காக்னிட்டோவில் போங்கள்" என்று சிலர் எழுதுவீர்கள். அந்த ரகசிய ஜன்னல் மூடும்போது உங்கள் கணினியில் இருக்கும் அதன் ஹிஸ்டரியையும், உங்களை நினைவில் வைக்கத் தளங்கள் போட்டு வைக்கும் குட்டிக் குறிப்பான குக்கீயையும் அழிக்கிறது, அவ்வளவுதான். இணைய இணைப்பு தருகிறவருக்கும் நீங்கள் போகிற தளத்துக்கும் நீங்கள் தெரிந்தபடிதான் இருப்பீர்கள். இந்த இன்காக்னிட்டோ விஷயத்தில் கூகுள் மீது 2020இல் வழக்குப் போட்டார்கள், 2024இல் சமரசம் பேசி, சேர்த்து வைத்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது.

அடுத்து நான் பார்ப்பது, அந்த பிரௌசருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது. குரோம் பாதுகாப்பில் கெட்டி, அதை மறுக்கவே மாட்டேன், ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் சைட் ஐசொலேஷனை 2018இலேயே கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் பாதுகாப்பு வேறு, அந்தரங்கம் வேறு. மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நீங்கள் போன தளம் இல்லாமல் விளம்பர நிறுவனம் போன்ற வேறொருவர் போடும் குக்கீகளை, இரண்டு வருடத்தில் ஒழிக்கப்போவதாக 2020 ஜனவரியில் சொன்னவர்கள், தள்ளித்தள்ளிப் போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டார்கள். சஃபாரி அதையெல்லாம் 2020 மார்ச்சிலேயே தடுத்துவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கிற நிறுவனத்திடம் இதை எதிர்பார்த்ததே தப்பு என்பேன்.

சரி, நான் எங்கே வந்து நின்றேன்? ஃபயர்பாக்ஸ், கூடவே விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனான (பிரௌசரில் சேர்க்கும் துணை நிரல்) யூபிளாக் ஆரிஜின். 2022 ஜூனிலிருந்து குக்கீகளை ஒவ்வொரு தளத்துக்கும் தனி டப்பாவில் போட்டு வைப்பதுதான் ஃபயர்பாக்ஸின் இயல்பு அமைப்பு. குரோமில் புது எக்ஸ்டென்ஷன் விதிகள் வந்த பிறகு முழு யூபிளாக் ஆரிஜின் ஓடாது, சுருக்கிய லைட் பதிப்புதான் கிடைக்கும், ஃபயர்பாக்ஸில் முழுதாகவே ஓடுகிறது. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்குக் கிடைப்பது. அது எனக்குப் பிடிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் 'உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம்' என்ற வாக்குறுதியைத் தளத்திலிருந்து எடுத்தார்கள் பாருங்கள், அது இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் அணைத்து வைத்த சுவிட்ச் இதுவரை அணைந்தே இருக்கிறது.

பிரேவ் பிரௌசர் வைத்திருப்பவர்கள் மாற வேண்டாம், நிறுவிய உடனேயே விளம்பரத்தையும் உங்களைப் பின்தொடரும் டிராக்கரையும் தடுக்கிறது, நல்லது. 2020இல் சில கிரிப்டோ தளங்களின் முகவரியை அடித்தால் தனக்குக் கமிஷன் வரும் குறியீட்டை அதில் சேர்த்துக்கொண்டது, அதற்கு மன்னிப்பும் கேட்டார்கள். எனக்கு அதுவும் அந்த கிரிப்டோ பட்டன்களும் ஒட்டவில்லை.

இப்போது நான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த விஷயம்! காலையில் வெப் காலண்டரைத் திறந்தால் எல்லா மீட்டிங்கும் தப்பான மணியில் நிற்கிறது. கணினியின் கடிகாரம் சரி, போன் சரி, காலண்டர் மட்டும் தப்பு. லாக்அவுட் செய்தேன், கேஷைத் துடைத்தேன், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பிடித்துவிட்டேன் மக்களே! ஃபயர்பாக்ஸின் உள் செட்டிங்ஸ் பக்கமான அபவுட் கான்ஃபிக்கில் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங் என்று ஒன்றை ஆன் செய்திருந்தேன். குக்கீயே இல்லாமல் உங்கள் திரை அளவு, எழுத்துரு, நேர மண்டலம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து உங்களை அடையாளம் காண்பதுதான் ஃபிங்கர்பிரிண்டிங். அதைக் குழப்புவதற்காக இந்த வசதி எல்லாருடைய நேரத்தையும் யுடிசி (உலகப் பொது நேரம்) என்றே தளங்களுக்குச் சொல்கிறது. அதாவது அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது! கண்டுபிடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வசதி வேண்டும், காலண்டரும் வேண்டும், அதனால் காலண்டருக்கு மட்டும் தனி புரொஃபைல் போட்டுவிட்டேன்.

ஓ, அப்டேட் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வகைப் படங்களைத் திறக்கும், பல பிரௌசர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது, குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், பிரேவ் எல்லாமே அவசரமாக அப்டேட் விட்டன. யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிற, மாதக்கணக்கில் அப்டேட் வராத குட்டி பிரௌசரை வைத்திருந்தால் அப்படிப்பட்ட வாரத்தில் திண்டாட்டம்தான். அதனால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசி வெளியீட்டுத் தேதியைப் பார்த்துவிட்டே நிறுவுங்கள்.

இன்னொன்று. பாஸ்வேர்டு மேனேஜர் வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய பிரௌசரிலிருந்து பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்தால் வருகிற சிஎஸ்வி ஃபைலில் எல்லாம் பச்சையாக, யாரும் படிக்கும்படி இருக்கும். இம்போர்ட் முடிந்ததும் அதை டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், கிளவுட் பேக்அப்புக்குள் போய்விட்டதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.