'எடிட்' என்று அடித்தால் எல்லாம் அழிந்துபோன காலம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வேர்ட் ப்ராசஸர், அதாவது எழுதவும் திருத்தவும் உதவும் கருவி, வளர்ந்த கதையைப் பேசலாம். எந்த வருடம் எந்த வெர்ஷன் வந்தது என்று வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை, எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் ரொம்பப் பெரிதாகப் படுகிறது. கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து திரையில் வருகிறது இல்லையா? அது தானாக அமைந்துவிடவில்லை, அதற்காகவே ஒருவர் வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார்.

ஆரம்பத்தில் திரையே கிடையாது. 1964இல் ஐபிஎம் தன்னுடைய செலக்ட்ரிக் டைப்ரைட்டரோடு காந்த நாடாவை இணைத்து ஒரு இயந்திரம் விற்றது. அடிப்பதெல்லாம் நாடாவில் பதியும், தப்பு வந்தால் பின்னால் போய் அதன் மேலேயே சரியாக அடிக்கலாம், கடைசியில் இயந்திரமே சுத்தமான பிரதியை அடித்துத் தந்துவிடும். 1969இல் எவலின் பெரெசின் ரெடாக்ட்ரான் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இதே வேலைக்கு டேட்டா செக்ரட்டரி என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அவர் பெயரை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, திரை வந்தது. 1974இல் ஜெராக்ஸின் பார்க் ஆய்வுக்கூடத்தில் பட்லர் லாம்சனும் சார்லஸ் சிமோனியும் ஆல்ட்டோ கணினிக்காக பிராவோ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அச்சில் எப்படி வருமோ அப்படியே திரையில் தெரியும். பிரமாதமான வேலை! ஆனால் அதில் மோடு உண்டு, அதாவது ஒரே விசை ஒரு நிலையில் ஒரு வேலையும் இன்னொரு நிலையில் வேறு வேலையும் செய்யும். கட்டளை மோடில் இருக்கும்போது எழுத்துகள் எழுத்துகளாக விழாது, ஒவ்வொன்றும் ஒரு ஆணை. அந்த மோடில் இருப்பதை மறந்து நீங்கள் ஆங்கிலத்தில் 'எடிட்' (edit) என்று அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? 'இ' (e) என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடு, 'டி' (d) என்றால் நீக்கு, 'ஐ' (i) என்றால் நுழை. மொத்த ஆவணமும் போய், மிச்சமாக 'டீ' (t) என்ற ஒற்றை எழுத்து மட்டும் திரையில் நிற்கும்.

இதைத்தான் அதே பார்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த லாரி டெஸ்லர் எதிர்த்தார். அவரும் டிம் மாட்டும் ஒரு பாடநூல் பதிப்பகத்துக்காக ஜிப்ஸி என்ற மென்பொருளைச் செய்தபோது, அங்கே எடிட்டர்கள் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார்த்தார்கள். கத்தரியும் பசையுமாகத் தாளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நம்முடைய கட், பேஸ்ட் எல்லாம் அப்படி வந்ததுதான். ஜிப்ஸியில் மவுஸால் ஒரு இடத்தைக் காட்டிவிட்டு அடித்தால் போதும், எழுத்து அங்கே விழும், எந்த மோடில் இருக்கிறோம் என்று யோசிக்கவே வேண்டாம். டெஸ்லரின் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்றுதான் இருந்தது, அவ்வளவு பிடிவாதம்!

மவுஸ் இல்லாத கணினிகளில் 1978இல் வந்த வேர்ட்ஸ்டார் இதையே வேறு வழியில் சாதித்தது. ஆணைகளை எல்லாம் கன்ட்ரோல் விசையோடு சேர்த்துவிட்டார்கள். கன்ட்ரோலோடு இ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடது, டி வலது. கீபோர்டைப் பாருங்கள், இந்த நான்கும் ஒரு வைரம் மாதிரி அமைந்திருக்கும், அம்புக்குறி விசை இல்லாத கீபோர்டிலும் கையை நகர்த்தாமல் திரை முழுக்கச் சுற்றிவரலாம். ஒரு பத்தியை நகர்த்த, கன்ட்ரோல் கே-பி ஆரம்பம், கே-கே முடிவு, கே-வி போட்டால் கர்சர் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். முதலில் மிரட்டும், விரல் பழகிவிட்டால் இதன் வேகமே தனி.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார், 1983இல் விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு வேர்ட் வந்தது, 1989இல் விண்டோஸுக்கு. 2006இல் இணையத்திலேயே எழுதும் ரைட்லி என்ற மென்பொருளை கூகுள் வாங்கியது, அதுதான் கூகுள் டாக்ஸாக மாறியது. இவற்றில் எதில் எழுதினாலும் தட்டின எழுத்து தட்டின இடத்தில் விழுகிறது, எனக்கு டெஸ்லரின் பெரிய வெற்றி அதுதான்.

வேர்ட்ஸ்டாரில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், கன்ட்ரோல் கே-க்கு அப்புறம் உங்கள் விரல் எந்த விசைக்குத் தானாகப் போகும் என்று கமென்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.